சிங்க் தண்ணிக்கு வழி செய்வோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கிக் கடன் பற்றிப் பேசினார்கள், கறவை மாடு பற்றிப் பேசினார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு, சமையல்கட்டு சிங்க்குக்கு வேஸ்ட் பைப் மாட்டுவது. தலைப்பை வாசிச்சதும் பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா இங்க இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் வீட்டு சிங்க்குக்குக் கீழே இன்னும் பக்கெட் இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த பக்கெட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கி ஊத்துறீங்கன்னும் தெரியும். இடுப்பு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறோமே, அதுல இந்த பக்கெட்டுக்கும் பங்கு இருக்கு.

தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதல்ல தொடங்கினது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான், 1989ல. அப்போ நம்ம அம்மா, மாமியார் எல்லாம் குடத்தோட அடி பம்புல வரிசையில நின்னவங்க. அந்தத் தண்ணியிலயும் ஃபுளோரைடு இருந்தது, பல்லெல்லாம் கறை பிடிச்சது. பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2019ல ஜல் ஜீவன் திட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய். நல்ல விஷயம். அந்தக் குழாயைக் கேட்டு மனு எழுதினதுல நம்ம குழுக்களோட பங்கு கொஞ்ச நஞ்சமில்லை.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணின்னு அந்தத் திட்டத்துல கணக்கு. அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்துல அளந்தா 18 குடம். குடிச்சது போக, சமைச்சது போக, பெரும்பகுதி பாத்திரம் கழுவி, துணி துவைச்சு, குளிச்சு வெளியே வந்துடுது. உள்ளே கொண்டு வர சர்க்கார் பைப் போட்டுக் கொடுத்தது. வெளியே போறதுக்கு? அது எங்கே போகுதுன்னு கேட்டா, "தெருவுலதான்" அப்படின்னு சொல்றோம்.

தெருவுல போற தண்ணி தெருவோட நிக்கறதில்லை. எங்க குழுவுல நடந்ததைச் சொல்றேன். சம்பந்தப்பட்ட ரெண்டு பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன், பேரைச் சொல்லலை.

எங்க தெரு மேட்டுல இருந்து பள்ளத்துக்கு இறங்குற தெரு. மேல் வீட்டு அக்கா புதுசா எவர்சில்வர் சிங்க் வைச்சாங்க. கடையில கொடுத்த நெளி பைப்பைச் சுவத்துல ஓட்டை போட்டு வெளியே விட்டாச்சு. தண்ணி இறங்கி, கீழ் வீட்டுத் தங்கச்சி வாசல்ல குட்டையா நின்னுது. களி கிண்டின பானை கழுவின தண்ணி, சோப்புத் தண்ணி, மீன் கழுவின தண்ணி. கோலம் போட முடியலை. கொசு. அந்தத் தங்கச்சியோட சின்னப் பிள்ளை அதுல வழுக்கி விழுந்துச்சு. ரெண்டு பேருமே எங்க குழு உறுப்பினர்கள். வாய்ச் சண்டை முத்தி, ஒருத்தி வந்தா இன்னொருத்தி கூட்டத்துக்கு வரமாட்டேன்னு ஆயிடுச்சு. ரெண்டு மாசம் சேமிப்பு நின்னுது, கடன் தவணை தள்ளிப் போச்சு. பன்னிரண்டு பேர் குழுவுல ரெண்டு பேர் தவணை நின்னா மத்த பத்துப் பேருக்கும் அடுத்த கடன் கிடைக்கிறது கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். எட்டு வருஷமாக் கட்டி வளர்த்த குழு ஒரு பைப்பால உடையுற நிலைமைக்கு வந்துடுச்சு.

நான் பதினாலு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவ. செங்கல், மணல் சுமந்ததோட, பிளம்பர் கேட்ட பைப்பையும் எல்போவையும் எடுத்துக் கொடுத்தவ. கொடுத்துட்டு நின்னு பார்ப்பேன். எப்படி அறுக்கிறாங்க, எப்படி ஒட்டுறாங்க, ஏன் அந்த இடத்துல வளைவு வைக்கிறாங்கன்னு கேட்பேன். சில பேர் சொல்லுவாங்க, சில பேர் "உனக்கு எதுக்கும்மா" அப்படிம்பாங்க. அப்படிக் கத்துக்கிட்ட வேலை இது. மேல் வீட்டு சிங்க்குக்கு நாங்க குழுவாப் போய்ப் பைப் போட்டோம். எப்படின்னு வரிசையாச் சொல்றேன். நோட்டு இருக்கிறவங்க எழுதிக்குங்க.

முதல்ல சாமான். சிங்க் ஓட்டையில மாட்டுறது வேஸ்ட் கப்ளிங். அதோட ஜாலி, ரப்பர் வாஷர், நட்டு எல்லாம் சேர்ந்தே வரும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிங்க் ஓட்டையை அளந்து எழுதிக்குங்க. பழைய கப்ளிங் இருந்தா கழட்டி அதையே கையில எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற அளவு சரியாங்கறதை அங்கேயே பார்த்துடலாம். ரெண்டாவது டிராப். அதைப் பற்றிப் பிறகு சொல்றேன். மூணாவது, ஒன்றரை அங்குல பிவிசி பைப், தேவையான எல்போ, பைப்பு ஒட்டுற சொல்யூஷன் ஒரு சின்ன டப்பா, உப்புத்தாள் ஒண்ணு. கருவின்னு பார்த்தா ஆக்ஸா பிளேடு, அளவு டேப்பு, ரசமட்டம், ஒரு பென்சில். அவ்வளவுதான்.

கப்ளிங்கை மாட்டும்போது சிங்க் ஓட்டையைச் சுத்தி இருக்கிற அழுக்கு, பழைய பசை எல்லாத்தையும் துடைச்சு ஈரமில்லாம ஆக்கணும். வாஷர் கோணாம உட்காரணும். கீழே இருந்து நட்டைக் கையாலேயே முழுசாத் திருகி, கடைசியில கால் சுத்து மட்டும் ஸ்பேனர் போட்டா போதும். பலத்தைக் காட்டி இறுக்கினா பிளாஸ்டிக் நட்டு விரிஞ்சுடும், வாஷர் பிதுங்கிடும். தண்ணியை நிறுத்துறது வாஷர்தான்.

இப்போ டிராப். சிங்க்குக்குக் கீழே பைப் நேரா இறங்காம ஒரு வளைவு வளைஞ்சு போகும், பார்த்திருப்பீங்க. சில இடத்துல பாட்டில் மாதிரி இருக்கும், அதுக்குப் பாட்டில் டிராப்னு பேரு. அது எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்லை, "வளைவு இருந்தா அடைச்சுக்கும், நேரா விடுப்பா" அப்படின்னு பிளம்பர்கிட்டயே சொல்லிடுறோம். அந்த வளைவுல எப்பவும் ரெண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணிதான் கதவு. வெளியே சாக்கடையில இருக்கிற நாத்தம், கரப்பான் பூச்சி எதுவும் அதைத் தாண்டி உள்ளே வராது. சமையல்கட்டுல காரணம் தெரியாம நாத்தம் அடிச்சா, முதல்ல டிராப் இருக்கான்னு பாருங்க. ஊருக்குப் போய் ரொம்ப நாள் கழிச்சு வந்தா அந்தத் தண்ணி வத்திப் போயிருக்கும். ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா நாத்தம் நின்னுடும்.

நெளி பைப் மலிவா கிடைக்கும், வளைச்சு மாட்டவும் சுலபம். ஆனா உள்ளே ஒவ்வொரு நெளியிலயும் எண்ணெயும் சோத்துப் பருக்கையும் தங்கும். சிங்க்குக்குக் கீழே ஒரு முழம் தூரத்துக்குப் பரவாயில்லை. சுவரைத் தாண்டி வெளியே போற தூரத்துக்கு உள்பக்கம் வழவழப்பான பிவிசி பைப்தான் போடணும்.

அடுத்தது சாய்வு. இதுலதான் வேலை கெட்டுப் போறது. பைப் படுத்த மாதிரி போற இடத்துல 4 அடிக்கு 1 அங்குலம் சாய்வு கொடுக்கணும். சாய்வே இல்லாட்டி அழுக்கு உள்ளேயே படியும். நடுவுல பைப் தொய்ஞ்சாலும் அந்தப் பள்ளத்துல படியும். அதனால மூணு அடிக்கு ஒரு கிளாம்பு அடிச்சுப் பிடிச்சுடணும். திருப்புற இடத்துல ஒரே எல்போவா சட்டுனு திருப்பாம, ரெண்டு அரை வளைவு வைச்சுத் திருப்பினா அடைப்பு குறையும். ஒரு இடத்துலயாவது மூடி போட்ட டோர் எல்போ வைங்க. நாளைக்கு அடைச்சா சுவரை உடைக்காம மூடியைக் கழட்டிக் குத்திவிடலாம்.

பைப்பை அறுத்ததும் ஒட்டிடாதீங்க. முதல்ல எல்லாத்தையும் ஒட்டாமலேயே பொருத்திப் பாருங்க. சாய்வு சரியா, சுவர் ஓட்டைக்கு நேரா வருதான்னு பார்த்து, ஒவ்வொரு இணைப்புலயும் பென்சிலால குறுக்கே ஒரு கோடு போடுங்க. பிறகு கழட்டி, அறுத்த முனையில இருக்கிற பிசிறை எடுத்து, உப்புத்தாள் தேய்ச்சு, துணியால துடைச்சு, ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, சொருகி லேசாத் திருகி, கோடும் கோடும் நேரா வந்ததும் அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. விட்டா வெளியே தள்ளிக்கும். ஒட்டினதை ஒரு ராத்திரி காய விடுங்க. டிராப்பை மட்டும் ஒட்டக் கூடாது. அது திருகுற நட்டோட இருக்கணும், சுத்தம் பண்ணக் கழட்டணுமில்லையா.

இதுல ஒரு எச்சரிக்கை. அந்தச் சொல்யூஷன் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும். நாம வேலை செய்யறது சமையல்கட்டுல. அடுப்பை அணைச்சு, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து வைச்சுட்டுத்தான் டப்பாவைத் திறக்கணும். சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது.

மறுநாள் சோதனை. சிங்க்கை அடைச்சு நிறையத் தண்ணி பிடிச்சு ஒரே தடவையில திறந்து விடுங்க. குழாயைச் சன்னமாத் திறந்து பார்த்தா கசிவு தெரியாது. தண்ணி வேகமா இறங்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் பழைய நியூஸ் பேப்பரால ஒத்திப் பாருங்க. பேப்பர் நனைஞ்சா கசியுது. சுவர் ஓட்டையைச் சுத்தி சிமெண்ட் பூசி அடைச்சுடுங்க. பைப்போட வெளி முனை திறந்து கிடந்தா வலை கட்டுங்க, எலி அந்த வழியா வரும்.

வீட்டுக்குள்ள வேலை இதோட முடிஞ்சுது. வெளியே வந்த தண்ணி எங்கே போகணும்ங்கறதுதான் எங்க தெருவுல சண்டையே.

பின்னாடி இடம் இருக்கிறவங்க உறிஞ்சுகுழி வெட்டலாம். நீளம், அகலம், ஆழம் மூணும் ஒரு மீட்டர், அதாவது மூணே கால் அடி. அடியில பெரிய கல், நடுவுல அதைவிடச் சின்னது, மேலே ஜல்லி. உடைஞ்ச செங்கல்லும் போடலாம். மேல, ஓட்டை போட்ட மண் பானையில தேங்காய் நாரை நிரப்பி வைச்சு, பைப் தண்ணி அதுல விழற மாதிரி பண்ணணும். எண்ணெயும் பருக்கையும் நாருல தங்கிடும், தண்ணி மட்டும் இறங்கும். நாரை அப்பப்போ மாத்தணும். குழியைச் சாக்குப் போட்டு, மண்ணோ பலகைக் கல்லோ வைச்சு மூடிடணும். கிணறு, அடி பம்பு பக்கத்துல வெட்டக் கூடாது, குறைஞ்சது 10 மீட்டர் தள்ளி இருக்கணும். வீட்டுச் சுவரை ஒட்டியும் வெட்டக் கூடாது, அஸ்திவாரத்துக்கு ஆகாது. கெட்டிக் களிமண் நிலத்துல தண்ணி இறங்காது, அங்கே வாழை, கல்வாழை, சேப்பங்கிழங்கு போட்டுப் பாத்திக்கு விடுறதுதான் சரி. கக்கூஸ் பைப்பை எந்தக் காரணத்துக்கும் இதோட சேர்க்கக் கூடாது.

எங்க மேல் வீட்டு அக்காவுக்கு ஒரு சிக்கல். அவங்க வீடு நாலு பக்கமும் சுவரோட முடிஞ்சுது, ஒரு அடி மண் கிடையாது. மண் இருந்தது கீழ் வீட்டுத் தங்கச்சி கொல்லையிலதான். இதை யார் போய்க் கேட்கறது? ஊக்குநரும் நானும் போனோம். முதல் நாள் அந்தத் தங்கச்சி கதவையே திறக்கலை. ரெண்டாவது நாள் உட்கார வைச்சுப் பேசுச்சு. "அவங்க தண்ணியை நான் ஏன் சுமக்கணும்" அப்படின்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதானே. நாங்க சமாதானம் சொல்லலை. எந்த நிபந்தனையில முடியும்னு நீயே சொல்லுன்னு கேட்டோம். நாலு நாள் கழிச்சுச் சொல்லுச்சு. குழி வெட்டுற செலவு பூரா மேல் வீடு. சனிக்கிழமை சனிக்கிழமை நார்ப் பானையை அவங்கதான் வந்து சுத்தம் பண்ணணும். தண்ணி பாயுற இடத்துல வைக்கிற வாழை கீழ் வீட்டுக்குச் சொந்தம். இடம் எப்ப வேணுமோ அப்பத் திருப்பிக் கேட்பேன். இந்த நாலையும் தீர்மானப் புத்தகத்துல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

செலவுக்குக் குழுவோட உள்கடன் கொடுத்தோம். சிங்க்கிலிருந்து சுவர் வரைக்கும் ஒன்றரை அங்குலப் பைப், வெளியே இரண்டரை அங்குலப் பைப். தூரம் 22 அடி. 4 அடிக்கு 1 அங்குலம்னா அஞ்சரை அங்குலம் இறங்கணும். நூல் கட்டி அளந்து வாய்க்கால் வெட்டினோம். ஒரு ஞாயித்துக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து குழியும் வெட்டியாச்சு. இப்போ வாசல்ல தண்ணி நிக்கறதில்லை, கோலம் நிக்குது. ரெண்டு பேரும் முன்ன மாதிரி ஒட்டி உறவாடுறாங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஒரே பாய்ல உட்கார்ந்து சேமிப்பு கட்டுறாங்க, தவணை நிக்கலை. குழுவுக்கு அது போதும்.

பைப் போட்ட பிறகு பராமரிப்பு நம்ம கையில. ஜாலியைத் தினம் தட்டிக் கொட்டுங்க. எண்ணெய்ச் சட்டியைப் பேப்பராலயோ சாம்பலாலயோ துடைச்ச பிறகு கழுவுங்க. எண்ணெய் பைப்புக்குள்ள போய் ஆறி உறைஞ்சு, பருக்கையைப் பிடிச்சு வைச்சுக்கும். கொதிக்கிற கஞ்சியை நேரா சிங்க்குல வடிக்காதீங்க. பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல தாங்காது, இளகித் தொய்ஞ்சுடும். கஞ்சி ஆறட்டும், மாடு இருக்கிற வீட்டுல அதைச் சிங்க்குல ஊத்தவும் மாட்டீங்க. அடைச்சுக்கிட்டா முதல்ல ரப்பர் பம்பு வைச்சு அழுத்துங்க, அப்புறம் கீழே பக்கெட் வைச்சு டிராப்பைக் கழட்டிக் கழுவுங்க. ஆசிட் ஊத்தினா போயிடும்னு சொல்லுவாங்க. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒண்ணாச் சேர்ந்தா விஷ வாயு வரும். மூடின சமையல்கட்டுல அது உயிருக்கே ஆபத்து. ரெண்டையும் சேர்க்கவே சேர்க்காதீங்க.

கொசு பற்றியும் ஒரு வார்த்தை. டெங்கு பரப்புற கொசு நல்ல தண்ணியில முட்டை போடும், அதனால தொட்டியை மூடுறோம். யானைக்கால் நோயைப் பரப்புற கொசு சாக்கடைத் தண்ணியிலதான் பெருகும். தொட்டியை மூடிட்டு வாசல்ல சாக்கடையை விட்டா பாதி வேலைதான் செஞ்ச மாதிரி.

கடைசியா கூட்டமைப்புக்கு என்னோட மூணு கோரிக்கை.

ஒண்ணு, கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு கருவிப் பெட்டி வாங்கி வையுங்க. ஆக்ஸா பிளேடு, ரெண்டு ஸ்பேனர், ரசமட்டம், ரப்பர் பம்பு. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்கட்டும்.

ரெண்டு, குழுவுக்கு ரெண்டு பேருக்கு பிளம்பிங் பயிற்சி ஏற்பாடு பண்ணுங்க. தையல் பயிற்சி, அழகுக்கலைப் பயிற்சி எல்லாம் நடந்தது, நல்லது. கட்டட வேலைக்குப் போற பொண்ணுங்க நம்மகிட்ட எத்தனை பேர் இருக்காங்க! பைப்பை எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சித்தாள் கூலி, ஒட்டுறவருக்கு மேஸ்திரி கூலி. ஒட்டவும் தெரிஞ்சா அந்தக் கூலி நம்ம வீட்டுக்கு வரும். ஆம்பளைங்க இல்லாத நேரத்துல ஒரு வீட்டுல குழாய் உடைஞ்சா, தயங்காமக் கூப்பிடவும் ஒரு பொம்பளை இருப்பா.

மூணு, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலோட, 2022லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 தேதிகள்லயும் நம்ம மாநிலத்துல கிராம சபை நடத்தணும்னு ஆகியிருக்கு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்னைக்கு எந்தத் தெருவுல எத்தனை வீட்டுத் தண்ணி வெளியே நிக்குதுன்னு நாமளே எண்ணி எழுதி எடுத்துட்டுப் போவோம். நூறு நாள் வேலையில பல ஊர்ல உறிஞ்சுகுழி வெட்டிக் கொடுத்திருக்காங்க. இடம் இல்லாத வீடுகளுக்குப் பொது உறிஞ்சுகுழி வேணும்னு தீர்மானம் கேட்போம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தீர்மானத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லுவோம்.

சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, பந்தி காத்துக்கிட்டு இருக்கு. வெளியே மரத்தடியில ஒரு பழைய சிங்க்கும் பைப்பும் கொண்டு வந்து வைச்சிருக்கேன். சாப்பிட்ட பிறகு வாங்க, கப்ளிங்கை நீங்களே கழட்டி மாட்டிப் பாருங்க.